சிக்னல் தேடிப் போன கன்னி மூலை

செங்காட்டுப்புதூரில் ஓர் அறை வீட்டை விட்டுக் கிளம்பிப் போன கதையை யாரிடம் கேட்டாலும் அவர்கள் வைஃபையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், ஏனென்றால் அறை நடந்தது அந்த ஊருக்குப் பெரிய விஷயமில்லை, ஞாயிற்றுக்கிழமையானால் வைஃபை கிடைக்காமல் ஒரு மனிதர் பேச முடியாமல் போனதுதான் பெரிய விஷயம். ஆகவே நாமும் அங்கிருந்தே போவோம்.

பல்லடத்துக்குத் தெற்கே, விசைத்தறிச் சத்தம் கேட்டுத்தான் குழந்தைகள் தூங்கும் அந்த ஊரில், குமரேசனும் சிவகாமியும் புதுவீடு கட்டியபோது வாஸ்து பார்க்கக் காங்கேயத்திலிருந்து ஒருவர் வந்தார். வீட்டில் மூத்தவர்கள் தென்மேற்கில், அதாவது கன்னி மூலையில்தான் படுக்க வேண்டும், அங்கே பாரம் இருந்தால்தான் குடும்பம் நிலைத்து நிற்கும் என்று அவர் சொல்ல, குமரேசனின் பெரியப்பா நல்லசிவமும் பெரியம்மா ராமாத்தாளும் தேக்குக் கட்டிலோடும் இரும்பு பீரோவோடும் அந்த மூலையில் குடியேறினார்கள். பிற்பாடு நெட் இழுத்தபோது பெட்டியை எங்கே மாட்டுவது என்று குமரேசன் அவரையே போனில் கேட்டான். கண்ணுக்குத் தெரியாமல் வருவதெல்லாம் ஈசானிய மூலையில்தான் இறங்கோணும் என்றார் அவர். வடகிழக்கில், பூஜை அறையில், முருகனுக்கும் மாகாளியம்மனுக்கும் நடுவில் ரவுட்டர் மாட்டப்பட்டது, வெள்ளிக்கிழமை தவறாமல் அதன் கொம்புகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டன. ஒரு வீட்டில் எந்த இரண்டு மூலைகளுக்கு நடுவே தூரம் அதிகமோ, அந்த இரண்டு மூலைகளில் பெரியவர்களும் வைஃபையும் வாஸ்துப்படி வாழ்ந்து வந்தார்கள்.

பூஜை அறையை விட்டுப் புறப்படும் சிக்னல் சமையலறைச் சுவரைத் தாண்டி, பிரிட்ஜில் முட்டி, குளியலறை ஓடுகளில் வழுக்கி, எப்படியோ தட்டுத்தடுமாறிக் கன்னி மூலைக் கதவு வரைக்கும் வந்து, இரும்பு பீரோவைப் பார்த்ததும் உயிரை விடும். செல்போன் கோபுரத்திலிருந்து வரும் சிக்னலும் அந்த அறையைப் பங்காளி வீடு மாதிரி ஒதுக்கிவிட்டுத்தான் போகும். இத்தனைக்கும் அந்த வீட்டில் நெட் யாருக்கு அவசியம் என்று கேட்டால் அந்த அறையில் இருந்த இருவருக்குத்தான்.

நல்லசிவத்துக்குக் காது கேட்காது. தறி குடோனில் ஓர் ஆயுளைக் கழித்தவர்களுக்குக் கேட்காது, அது அந்த ஊரில் தலைநரைப்பதைப் போலத்தான், யாரும் அதை நோயென்று சொல்வதில்லை. தறி ஓடும்போது கத்திப் பயனில்லை என்பதால் அங்கே எல்லோரும் குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள், எதிர்வரிசையில் நிற்பவர் அதைப் படித்துப் பதில் அசைப்பார். கல்யாணப் பேச்சு, சண்டை, கோள், கடவுள் வாழ்த்து என்று எல்லாம் அப்படியே நடக்கும். தறிப்பேச்சு என்று அதற்குப் பெயர். சாதாரண போன் நல்லசிவத்துக்கு ஒரு சோப்பு டப்பா போலத்தான். முகம் தெரிந்தால்தான் அவருக்குப் பேச்சு.

அவர் பார்க்க வேண்டிய முகம் லூதியானாவில் இருந்தது. ஒரே மகள் கலாமணி, பின்னல் இயந்திரம் விற்க வந்த குர்மீத் என்ற பஞ்சாபிக்காரரைக் கட்டிக்கொண்டு போனபோது, நல்லசிவம் மாகாளியம்மன் கோவில் முன்னால் ஊரறிய உதட்டை அசைத்தார்: அவளுடைய வாசப்படியை நான் மிதித்தால் என் பெயர் நல்லசிவம் இல்லை, அவளுக்காக என் அறையை விட்டு ஓரடி எடுத்து வைக்க மாட்டேன். கலாமணியும் அவர் மகள்தானே, அப்பாவாகக் கூப்பிடாமல் அந்த வீட்டுக்குள் நுழைய மாட்டேன் என்று அவளும் சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் எத்தனையோ தீபாவளி வந்து போயிற்று. இந்த வருஷம் கோயம்புத்தூர்க் கண் டாக்டர், கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, மருந்து விட்டாலும் எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார். காதில்லாதவருக்குக் கண்ணும் போனால் மகள் என்ன சொல்கிறாள் என்று இந்த ஜென்மத்தில் தெரியாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த நல்லசிவம், சுவரைப் பார்த்தபடி, சிவகாமியிடம், அவளை அந்த போனில் காட்டு என்று உதட்டை அசைத்தார்.

சிவகாமி தறி குடோனை நடத்துகிறவள். தறியில் ஏறிய பாவில் ஒரு நூல் அறுந்து தொங்குவதைப் பார்த்துவிட்டு அப்படியே கடந்து போகிற கை அவளுக்கு இல்லை. அன்று ராத்திரிச் சோறுகூட இறங்காமல் லூதியானாவுக்குப் பேசி ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்பாடு செய்தாள். நல்லசிவம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசிக் கட்டிலில் உட்கார்ந்தார். மகளின் முகம் வந்தது. நரைத்திருந்தது. அவர் ஏதோ சொல்வதற்கு வாயைத் திறந்தார், அந்த நேரம் பார்த்து சிக்னல் பீரோவில் முட்டிச் செத்தது. புருவம் ஏறி, கீழுதடு கோணி, கொசுவை விழுங்கியவர் மாதிரி அவர் முகம் அப்படியே உறைந்து போய், லூதியானாவில் வெகுநேரம் அதே கோலத்தில் நின்றது. அப்பா இன்னும் அதே மாதிரி முறைச்சுட்டுத்தான் இருக்காரு, நான் எதுக்கு வந்தேன் என்று கலாமணி போனை வைத்துவிட்டாள்.

சிவகாமி அதற்கப்புறம் செய்யாத வைத்தியம் இல்லை. சிக்னலை இழுத்து நீட்டும் பெட்டி ஒன்று வாங்கிக் கூடத்தில் சொருகினாள், அது சமையலறை வரைக்கும் ராஜாவாக ஓடிவிட்டு பீரோவிடம் தோற்றது. பீரோவை நகர்த்தலாம் என்றாள். பாரம் போச்சுன்னா குடும்பம் போச்சு என்றான் குமரேசன். சுவரில் ஓட்டை போட்டு ஒயர் இழுக்கலாம் என்றாள். கன்னி மூலைச் சுவரில் ஓட்டையா என்று அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ரவுட்டரை இடம் மாற்றுவதைப் பற்றிப் பேசினால் முருகனை இடம் மாற்றச் சொன்ன மாதிரி பார்த்தான். கடைசியில் அவள் பெரிய மாமனாரிடமே போய், நீங்க கூடத்துக்கு வந்து சித்த நேரம் உக்காருங்க மாமா, அங்க கண்ணாடி மாதிரித் தெரியும் என்றாள். நல்லசிவம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவளுக்காக இந்த ரூமை விட்டு ஓரடி வைக்க மாட்டேன்னு கோவில்ல சொன்னதை நீயும் கேட்டிருப்பே என்று உதட்டை அசைத்துவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டார். அவர் சொன்னதை அந்த அறையும் கேட்டுக்கொண்டிருந்தது என்பதை அப்போது யாரும் நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் சிவகாமி காப்பி டம்ளரோடு தென்மேற்கே போனபோது அங்கே பப்பாளி மரமும் துவைக்கிற கல்லும் அகலமான வானமும்தான் இருந்தன. அவள் டம்ளரோடு வீட்டைச் சுற்றி வந்தாள். அறை வடகிழக்கில், பூஜை அறையின் வெளிச்சுவரை ஒட்டி, பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததைப் போல நின்றது. ராமாத்தாள் ஜன்னலோரம் தலை வாரிக்கொண்டு, இன்னைக்கு வெயில் இந்தப் பக்கமா வருது அம்மிணி, நல்லா இருக்குது என்றாள். நல்லசிவம் காப்பி ஆறிவிட்டதென்று குறைப்பட்டார்.

குமரேசனுக்கு அறை நகர்ந்ததில் வருத்தமில்லை, வாஸ்து கெட்டதில்தான் வருத்தம். காங்கேயத்துக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை வலம் வந்து, பப்பாளி மரத்தடியில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். கன்னி மூலைங்கறது எடம் இல்லீங், பாரம். பெரியவங்க எங்க இருக்காங்களோ அதுதான் கன்னி மூலை என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, காலியான இடத்தில் பழைய தறி ஒன்றைப் போட்டு வைக்கச் சொன்னார். குமரேசனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சுவருக்கு அந்தப்பக்கம் ரவுட்டர், இந்தப்பக்கம் நல்லசிவம். போன தடவை முறைத்தது அப்பா இல்லை, நின்றுபோன படம்தான் என்று சிவகாமி விளக்கியதால் கலாமணி மறுபடி வந்திருந்தாள், அவள் முகத்தில் இருந்த மருகூடத் தெரிந்தது. ராமாத்தாள் அழுதாள், கலாமணி அழுதாள், இருவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு புளிக்குழம்பைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ராமாத்தாள் போனைக் கணவர் பக்கம் திருப்பினாள். நல்லசிவம் மகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். பிறகு தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, சிக்னல் இல்லை என்று உதட்டை அசைத்தார்.

ரவுட்டரில் அத்தனை விளக்கும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அவர் சொன்னதை ராமாத்தாள் நம்பவில்லை, சிவகாமி நம்பவில்லை, லூதியானாவில் கலாமணியும் நம்பவில்லை. நம்பியது அந்த அறை ஒன்றுதான். அது வெகுளியான அறை, வீட்டுப் பெரியவர் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்கிற அறை. அடுத்த நாள் காலையில் அது மதில் சுவரைத் தாண்டி, நல்ல சிக்னலைத் தேடித் தெருவுக்கு வந்து நின்றது.

தெருவில் நிற்கும் அறையை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், கொஞ்சம் நகர்ந்து நில்லுங்க என்கிற மாதிரிதான் எடுத்துக்கொண்டது. பால்காரர் ஜன்னலில் பாலை ஊற்றினார். வெளுக்காத காடா துணி ஏற்றிப் போகும் டெம்போக்காரர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பவருக்குக் காது கேட்காது என்று நினைவு வந்ததும் வண்டியை ஒதுக்கி ஓட்டிப் போனார்கள். பஞ்சாயத்து ஆபீசில் இது வீடா வாகனமா என்று ஒரு கூட்டம் போட்டார்கள். வீடென்றால் அஸ்திவாரம் எங்கே, வாகனமென்றால் சக்கரம் எங்கே என்று வெகுநேரம் விவாதித்து, உறவினர் என்று முடிவு செய்து, விசேஷ வீட்டுக்கு வந்தவர்களை எப்படி நடத்துவோமோ அப்படி நடத்துவது என்று கையெழுத்துப் போட்டார்கள். மின்வாரியத்து ஆள் ஒருவர் வந்து, ஒயரே இல்லாமல் உள்ளே விசிறி ஓடுவதைப் பார்த்து, சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு, ராமாத்தாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு இருந்த ஒரே கவலை தங்கள் வீட்டு அறைகளும் இதைப் பார்த்துக் கெட்டுப்போகுமா என்பதுதான், சிலபேர் தங்கள் மாமியார் அறையைத் தடவிக்கொடுத்து, கூடவே வழியும் சொல்லிப் பார்த்ததாகக் கேள்வி.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் நல்லசிவம் சிக்னல் இல்லை என்றார். அறை நால்ரோட்டுக்குப் போய், வாடிக்கையாளர்களுக்கு இலவச வைஃபை என்று பலகை வைத்திருந்த தண்டபாணியின் பேக்கரி வாசலில், டீ பாய்லருக்கும் தேங்காய் பன் அலமாரிக்கும் நடுவே, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றது.  தண்டபாணி ஜன்னலைத் தட்டி, சர்க்கரை போடலாமா என்று உதட்டை அசைத்துக் கேட்டார்.

அங்கேதான் கொண்டாட்டம் ஆரம்பமானது. செங்காட்டுப்புதூரில் உதட்டைப் படிக்கத் தெரியாதவர்கள் யார்? ஞாயிற்றுக்கிழமை தறிகளுக்கு ஓய்வு. சிவகாமி நல்லசிவத்தின் கண்ணுக்காக ஒரு பெரிய டிவியை அறைச் சுவரில் மாட்டி போனோடு இணைத்திருந்தாள். பேக்கரிக்கு டீ குடிக்க வந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கலாமணியின் உதட்டைப் படித்தார்கள், பின்வரிசைக்காரர்களுக்கு முன்வரிசைக்காரர்கள் உதட்டாலேயே திருப்பிச் சொன்னார்கள். கலாமணி முதலில் கூசினாள். அப்புறம் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாக அடையாளம் கண்டு, யாருக்கு மூட்டுவலி, யார் மகள் எங்கே இருக்கிறாள், மாரியம்மன் நோன்பில் யார் தீச்சட்டி எடுத்தது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். நால்ரோடே சத்தமில்லாமல் கூச்சல் போட்டது. மாப்பிள்ளை குர்மீத்தும் ஒருநாள் திரையில் வந்தார். மனைவியிடம் தறிப்பேச்சு கற்றிருந்தார் மனிதர், ஆனால் மீசையும் தாடியும் உதட்டை மூடியிருந்ததால் என்ன சொல்கிறார் என்று ஒருவருக்கும் புரியவில்லை. மீசையைத் தூக்கச் சொல்லுங்க என்று கூட்டம் கேட்டுக்கொண்டது. அவர் இரண்டு விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் சாப்பிட்டீங்களா என்று அசைத்தார். அந்த ஒரு கேள்வியில் ஊர் அவரை மன்னித்துவிட்டது. அதற்கப்புறம் மருமகனைக் குறை சொல்ல நால்ரோட்டில் ஆள் கிடையாது.

நல்லசிவத்தை நோக்கி போனைத் திருப்பும்போது மட்டும் கூட்டத்தின் உதடுகள் அப்படியே நின்றுவிடும். கலாமணி அப்பா என்று ஒரே ஒரு தரம் அசைப்பாள். அவர் அவளைப் பார்ப்பார். பிறகு, சிக்னல் இல்லை. அவர் பார்வையோ வாராவாரம் ஓரங்களை இழந்துகொண்டிருந்தது. முதலில் டிவியின் விளிம்பு போயிற்று, பிறகு மகளுக்குப் பின்னால் இருந்த வீடு போயிற்று, இப்போது அவள் முகம் மட்டும்தான் மிச்சம்.  சிக்னல் பெட்டி வாங்கியதெல்லாம் வீண் செலவு, இந்த மனுஷருடைய வாயை எந்தக் கடையில் கொடுத்து ரிப்பேர் பார்ப்பது என்று சிவகாமி குமரேசனிடம் பொரிந்து தள்ளினாள்.

அறை மட்டும் நம்பிக்கை இழக்கவில்லை. பேக்கரியிலிருந்து கூட்டுறவுச் சங்கக் கட்டடத்துக்குப் போனது, அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு, கடைசியில் ஊருக்கு மேற்கே இருக்கும் பாறைக் குன்றான கரட்டின் மேல் ஏறி செல்போன் கோபுரத்தின் காலடியிலேயே உட்கார்ந்துகொண்டது. அதற்கு மேல் சிக்னல் கிடைக்க ஆகாயத்துக்குத்தான் போக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை கரட்டில் தேர்க்கூட்டம். பொரி வந்தது, கம்பங்கூழ் வந்தது, பலூன் வந்தது, தண்டபாணி பாய்லரையே டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். திரையில் கலாமணி அவ்வளவு தெளிவாக இருந்தாள், காற்றில் அசையும் அவள் முடி தங்கள் முகத்தில் படுமோ என்று முன்வரிசையில் இருந்தவர்கள் பின்னால் சாய்ந்தார்கள்.

அப்பா என்று கலாமணி அசைத்தாள். நல்லசிவம் திரும்பிக்கொண்டார். சிக்னல் இல்லை.

சிவகாமி அதுவரைக்கும் பொறுத்தது பெரிய விஷயம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், டிவியை அணைத்து, ஜன்னல் கதவுகளைச் சாத்தி, ஊருக்கு உதடு தெரியாமல் செய்துவிட்டு, பெரிய மாமனாரின் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் செய்ததில்லை.

"சிக்னல் இருக்குதுங் மாமா. நீங்கதான் இல்ல. கண்ணு போறதுக்குள்ள என்ன சொல்லோணுமோ அதைச் சொல்லிருங்க. அண்ணி மூஞ்சி தெரியாமப் போனதுக்கு அப்புறம் நீங்க எந்தச் சொவரைப் பாத்துப் பேசுவீங்க?"

நல்லசிவம் அவளுடைய உதட்டைக் கடைசி எழுத்து வரைக்கும் படித்தார். ராமாத்தாள் கட்டிலின் மறுபக்கம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் உதடுகள் அசைந்தன.

"அவ மூஞ்சியப் பாத்தா எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது அம்மிணி. நான் சொல்லோணும்னு வெச்சிருக்கிறது அந்தப் பொட்டிக்குள்ள போகாது. அவ கையப் புடிச்சுட்டுத்தான் சொல்ல முடியும். அவ வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு நானே சொல்லிப் போட்டு உக்காந்திருக்கறேன். இந்த ரூமை விட்டு எறங்கினா நான் என்ன மனுசன்?"

 கோபமாக நுழைந்த சிவகாமி அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள், அவரும் அழுதார், ராமாத்தாள் இருவர் முகத்தையும் ஒரே தலைப்பால் துடைத்தாள். வெளியே ஊர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு பொரி தின்றது. ஆனால் அவர் சொன்னதை அந்த அறை கேட்டது. இத்தனை நாளும் சிக்னல் என்று சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் அலையவைத்த பெரியவர் இன்றைக்குத்தான் போகவேண்டிய விலாசத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று அதற்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் கரட்டில் அறை இல்லை. காலையில் தீவனப்புல் அறுக்கப் போனவர்கள், அது அவிநாசி ரோட்டில் இடதுபக்கமாக, அவசரமில்லாமல், ஆனால் நிற்காமலும் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள். சிவகாமி போன் பண்ணியபோது ராமாத்தாள் எடுத்து, வண்டி மாதிரிக் குலுங்கலை கண்ணு, தொட்டில்ல இருக்கற மாதிரி இருக்குது, ஊறுகாய் பாட்டிலை மட்டும் மடியில வெச்சிருக்கறேன் என்றாள். சேலத்தில் யாரோ மாம்பழம் கொடுத்தார்கள். சுங்கச்சாவடிகளில் சக்கரம் இல்லாத பொருளுக்குக் கட்டணம் கிடையாது என்று கம்பியைத் தூக்கிவிட்டார்கள், ஒரு சாவடியில் மட்டும் நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். நாக்பூரில் ஜன்னல் வழியாக ஆரஞ்சு வாங்கினார்கள். வழியில் எந்த ஊர்க்காரரும் இது என்ன என்று கேட்கவில்லை, எங்கே போகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள், ராமாத்தாள் மகள் வீட்டுக்கு என்று சொன்னதும் எல்லா ஊரிலும் புரிந்துகொண்டார்கள். நல்லசிவம் மட்டும் கட்டிலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, நான் எங்கயும் போகலை, என் ரூம்லதான் இருக்கறேன் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டே போனார். செங்காட்டுப்புதூரில் தறிகள் ஓடினாலும் எல்லார் கண்ணும் போனிலேயே இருந்ததால் அந்த வாரம் நெய்த காடாவில் இழை விட்டுப்போகாத துணியே இல்லை.

குர்மீத் தன் போனில் கூப்பிட்டபோது சிவகாமி குடோன் வாசலில் இருந்தாள். அவர் மீசையைத் தூக்கிக்கொண்டு, வந்துட்டாங்க என்று மட்டும் அசைத்துவிட்டு போனைத் திருப்பிக் காட்டினார். லூதியானாவில் ஒரு சந்து, இருபக்கமும் மாடியில் ஜனம், சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு தென்னாட்டுத் தூசி படிந்த அறை. அதன் கதவு கலாமணி வீட்டுக் கேட்டுக்கு நேர் எதிரே, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்தான். அந்த இடத்தில் கலாமணி நின்றாள். கையில் மாவு. கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருப்பவர் வெளியே வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும், கூப்பிடாமல் உள்ளே போகக்கூடாது என்றும் அவளுக்குத் தெரியும். சிவகாமியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. யாரோ உள்ளே போய்த் தறிச் சத்தம் நிற்கும்படி மெயின் சுவிட்சை இறக்கினார்கள், ஊரில் ஒவ்வொரு குடோனாக அதையே செய்தார்கள்.

சாத்திய கதவுக்குள் உதட்டை அசைத்து என்ன பிரயோஜனம்? அது நல்லசிவத்துக்கும் புரிந்திருக்க வேண்டும். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. செங்காட்டுப்புதூரில் பாதிப் பேர் அவர் குரலைக் கேட்டதே இல்லை. தன் சத்தம் தனக்கே தெரியாதவர் பேசுவதால் அது கரகரத்து, உடைந்து, சந்தே அதிரும்படி பெரிதாக இருந்தது.

"தாழ்ப்பாள் போடல கண்ணு. என்னைக்குமே போட்டதில்ல. உள்ள வா."

கலாமணி மாவுக் கையோடு கதவைத் தள்ளினாள். அது திறந்துகொண்டது. குர்மீத்தும் பின்னாலேயே ஓடினார், அவசரத்தில் போனைக் கட்டிலில் மல்லாக்கப் போட்டுவிட்டார், அதற்கப்புறம் சிவகாமியின் திரையில் அறையின் மேற்கூரையும் விசிறியும் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. யார் உதடும் தெரியாததால் யார் என்ன சொன்னார்கள் என்று செங்காட்டுப்புதூருக்கு இன்றுவரை தெரியாது. அழுகையும் சிரிப்பும் பஞ்சாபியும் தமிழும் கலந்து ஒட்டுக்காகக் கேட்டன, அவற்றுக்கு நடுவே அந்தக் கரகரத்த குரல் நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், இத்தனை வருஷத்தையும் பேசிக்கொண்டிருந்தது. சிவகாமி குடோன் படியில் உட்கார்ந்து, சார்ஜ் தீரும் வரைக்கும் அந்த விசிறி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.